மாஸ்டா எம்எக்ஸ்-5இல் ஷாக்கும் புஷ்ஷும் மாற்றியது

1989இல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரில் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் பிடிக்கும் சஸ்பென்ஷன். கீழ் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகளில் கேம் உண்டு, அதைத் திருப்பினால் சக்கரத்தின் கோணம் மாறும். கழற்றுமுன் அவை நின்ற இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டேன். துருப்பிடித்தவற்றுக்கு முந்தின இரவே எண்ணெய் அடித்தேன். ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஷாக்கைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரெசர் இரண்டையும் எதிரெதிரே மாட்டி, மாறி மாறி இறுக்கினேன். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் கை போய்விடும்.

பலர் தவறுவது கடைசியில்தான். ஆர்மைப் போல்ட் பிடிக்கும் இடத்தில் இருக்கும் உருளைதான் புஷ். ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையிறங்கியதும் புஷ் எப்போதும் முறுக்கியே நிற்கும், சீக்கிரம் கிழியும். அதனால் வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, கையால் முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கிவிட்ட பிறகே டார்க் ரெஞ்சு (சொன்ன அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) போட்டு இறுக்கினேன். பாலியூரிதேன் புஷ் உள்குழலைச் சுற்றிச் சுழலும். அதற்கு இந்தத் தொல்லை இல்லை, கிரீஸ் மட்டும் வேண்டும். அன்றே வீல் அலைன்மென்ட்டும் (சக்கரக் கோணங்கள்) பார்த்தேன்.