நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்குப் புதுசா? படுத்திருப்பவரைக் கவனிக்கத் தெரிய வேண்டிய சொற்கள்

ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் கேர் அட்டெண்டென்ட், நர்சிங் அசிஸ்டென்ட் என்று எந்தப் பெயரில் வேலைக்குச் சேர்ந்தாலும், கையில் ஒரு நீளமான சொற்பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள். அதை மனப்பாடம் செய்வதில் பெரிய பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு சொல்லோடும் இரண்டு விஷயம் சேர்ந்து நினைவில் இருக்க வேண்டும்: அந்த இடத்தில் நான் எதைப் பார்க்கணும், யாரிடம் சொல்லணும்.

அதனால் ஒரு ஷிப்ட் போகிற வரிசையிலேயே படிப்போம். உதாரணத்துக்கு, பக்கவாதம் வந்து டிஸ்சார்ஜ் ஆகி, மதுரையில் மகள் வீட்டில் படுத்திருக்கும் 72 வயது ஐயா ஒருவரை வைத்துக்கொள்வோம். மூக்கில் உணவுக் குழாய், கட்டில் ஓரத்தில் யூரின் பேக், கூடவே சர்க்கரையும் பிபியும்.

படி 1: டிஸ்சார்ஜ் சம்மரி

ஐயாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வீட்டாரிடம் இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 'கே/சி/ஓ' என்று தொடங்கும் வரியில் அவருக்கு ஏற்கெனவே உள்ள நோய்கள் இருக்கும். 'ஹெச்டிஎன்' ரத்த அழுத்தம். 'டிஎம்' சர்க்கரை. 'சிஏடி' இதய ரத்தக்குழாய் அடைப்பு. 'சிகேடி' நாள்பட்ட சிறுநீரக நோய். 'சிவிஏ' பக்கவாதம். 'ஹெமிபிளீஜியா' என்றால் ஒரு பக்கம் முழுக்கச் செயலிழந்திருக்கிறது. 'ஹெமிபரேசிஸ்' என்றால் ஒரு பக்கம் பலவீனம்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'லெஃப்ட் எம்சிஏ இன்ஃபார்க்ட்' (மூளைக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் அடைத்து வந்த பாதிப்பு) என்று எழுதியிருந்தால் அந்த இடது, மூளையின் இடது. செயலிழந்திருப்பது உடம்பின் வலது பக்கம். இது புரியாமல் வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும். இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதை 'அஃபேசியா' என்று எழுதுவார்கள். பேச வராத பலருக்கு நாம் பேசுவது நன்றாகவே புரியும். "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று வீட்டார் சொன்னாலும், "ஐயா, சட்டை மாத்திவிடறேன்" என்று சொல்லிவிட்டே தொடுங்கள்.

'ஏடிஎல்' என்பது குளியல், உடை, கழிப்பறை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், சாப்பாடு ஆகிய 6 அன்றாட வேலைகள். 'டிபென்டன்ட்' என்றால் முழுக்க உங்கள் பொறுப்பு. 'அசிஸ்டட்' என்றால் முடிந்ததை அவரே செய்யட்டும், மீதிக்கு நீங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாவற்றையும் நாமே செய்தால் இருக்கிற பலமும் போய்விடும்.

படி 2: மருந்துச் சீட்டு

1-0-1 என்றால் காலை, இரவு. 'ஓடி' ஒரு வேளை, 'பிடி' இரண்டு வேளை, 'டிடிஎஸ்' மூன்று வேளை. 'ஏசி' சாப்பாட்டுக்கு முன், 'பிசி' பின், 'ஹெச்எஸ்' தூங்கப் போகும்போது. 'ஸ்டாட்' உடனே. 'என்பிஎம்' என்றால் வாய் வழியாக எதுவும் கூடாது, தண்ணீர்கூட. 'எஸ்ஓஎஸ்' என்றால் தேவைப்பட்டால் மட்டும். எதற்காக, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண் டாக்டர் சீட்டில் மட்டும் 'ஓடி' என்றால் வலது கண்.

குழாய் வழியாகக் கொடுக்க மாத்திரையைப் பொடி செய்யும் முன் அட்டையைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எஸ்ஆர்', 'இஆர்', 'எக்ஸ்எல்' என்று இருந்தால் அது மெல்ல மெல்லக் கரையவேண்டிய மாத்திரை. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். நிறுத்திவிட்டு சிஸ்டரிடமோ டாக்டரிடமோ கேளுங்கள்.

படி 3: வைட்டல்ஸ்

பெரியவர்களுக்கு ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100. அதற்கு மேல் 'டாக்கிகார்டியா', கீழே 'பிராடிகார்டியா'. மூச்சு 12 முதல் 20. மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நாடியைப் பிடித்தபடியே ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். காய்ச்சல் என்றால் 100.4 ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும். 'ஏஃபெப்ரைல்' என்றால் காய்ச்சல் இல்லை. அவசரத்தில் பலர் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள்.

'எஸ்பிஓ2' என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் அளவு. பொதுவாக 95ம் அதற்கு மேலும் இருக்கும். விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பான எண் வரும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, அதாவது 'சிஓபிடி' உள்ளவர்களுக்கு டாக்டர் 88 முதல் 92 வரை போதும் என்று எழுதியிருக்கலாம். எண் குறைவாக இருக்கிறதே என்று ஆக்சிஜனை நீங்களாகக் கூட்டக்கூடாது.

'சிபிஜி' விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரை. 70க்குக் கீழே போனால் 'ஹைப்போ': வியர்வை, நடுக்கம், குழப்பம். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். உடனே சிஸ்டர், இல்லையென்றால் 108.

படி 4: குழாய்கள்

'ஆர்டி' என்பது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப். அதைப் போடுவது உங்கள் வேலை இல்லை, கவனிப்பது உங்கள் வேலை. ஃபீட் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே. மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் ஃபீட் கொடுக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நடுவில் இருமல், மூச்சுத்திணறல் வந்தால் நிறுத்துங்கள். உணவு நுரையீரலுக்குப் போவதுதான் 'ஆஸ்பிரேஷன்'.

'ஃபோலிஸ் கத்தீட்டர்' சிறுநீர்க் குழாய். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். ஆளை மாற்றிப் படுக்கவைக்கும்போது பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேல் வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

படி 5: பெட் சோர் (படுக்கைப்புண்)

நீண்டகாலப் பராமரிப்பில் உங்கள் கையில் அதிகம் இருப்பது இதைத் தடுப்பதுதான். எலும்பு துருத்திய இடங்களில் தோல் அழுந்தி, ரத்தம் ஓடாமல் புண்ணாகிறது. முதுகின் அடிப்பகுதி, அதாவது 'சேக்ரம்', குதிகால், இடுப்பு ஓரம், முழங்கை, பின்னந்தலை, காது.

'ஸ்டேஜ் 1' என்றால் தோல் கிழியவில்லை, ஆனால் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது ஸ்டேஜ் 1. நம்மூர் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாக, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். 'ஸ்டேஜ் 2' மேல்தோல் உரிந்தது அல்லது கொப்புளம். 'ஸ்டேஜ் 3' கொழுப்பு தெரியும் ஆழம். 'ஸ்டேஜ் 4' தசையோ எலும்போ தெரியும்.

சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள்; உள்ளே பாதிக்கப்பட்ட திசு இன்னும் கெடும். செய்ய வேண்டியது 'பொசிஷன் சேஞ்ச்': பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, மல்லாக்க, வலது என்று மாற்றுவது. இழுத்து நகர்த்தாமல், இடுப்புக்குக் கீழே விரித்த 'டிரா ஷீட்'டைப் பிடித்து இரண்டு பேர் தூக்கி நகர்த்துங்கள். இழுக்கும்போது மேல்தோல் ஒரு பக்கமும் உள்ளே உள்ள திசு இன்னொரு பக்கமும் இழுபடுவது 'ஷியர்', அதுவும் புண்ணாக்கும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. ஏர் பெட் இருக்கிறதே என்று திருப்பாமல் விடுவது நான் அடிக்கடி பார்க்கும் சோம்பல். அது உதவி மட்டுமே.

ஸ்டேஜ் 1 என்று சந்தேகம் வந்தாலே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸ் இருந்தால் அவரிடமும் காட்டலாம்.

படி 6: ஐ/ஓ சார்ட்

உள்ளே போனது 'இன்டேக்', வெளியே வந்தது 'அவுட்புட்'. காபி, மோர், கஞ்சி, ஆர்டி ஃபீட், குழாயைக் கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் இன்டேக். சிறுநீர், வாந்தி, தண்ணியாகப் போன மோஷன் அவுட்புட். 'ஒரு டம்ளர்' என்று எழுதாதீர்கள். அந்த வீட்டு டம்ளரை ஒருமுறை அளந்து மில்லியில் எழுதுங்கள். சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து குறைந்தால், முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் உடனே தெரிவியுங்கள்.

படி 7: ஹேண்டோவர்

அடுத்த ஷிப்டுக்கு வருபவரிடம் 'பேஷன்ட் நல்லா இருக்கார்' என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பார்த்ததை, அளந்ததை, நேரத்தோடு எழுதுங்கள். இப்படி:

"மதியம் 2 மணி. இடது பக்கம் படுக்கவைத்தேன். சேக்ரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை, தோல் கிழியவில்லை. டெம்பரேச்சர் 99. காலை 8 முதல் இன்டேக் 650, யூரின் 400, நிறம் அடர் மஞ்சள். மோஷன் போகவில்லை, இன்றோடு 3 நாள். 2.10க்கு சிஸ்டருக்கு போனில் சொன்னேன், மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டாம் என்றார், மாலை வந்து பார்ப்பார்."