நாக் பாயின்ட் கட்டும் முறை

வில் கையில் வந்ததும் எல்லாரும் முதலில் திருகுவது குறிபார்க்க உதவும் சைட்டைத்தான். அம்பு மேலே விழுந்தால் ஏற்று, கீழே விழுந்தால் இறக்கு. சைட்டில் கை வைப்பதற்கு முன்னால் நாணில் அம்பு மாட்டும் இடத்தை, அதாவது நாக் பாயின்ட்டை, சரிபாருங்கள் என்று எங்கள் மைதானத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த இடம் இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் அம்பு வாலை ஆட்டிக்கொண்டேதான் வில்லை விட்டுக் கிளம்பும். 18 மீட்டரில் இறகு அதை மறைத்துவிடும். 70 மீட்டருக்குப் போனால் அதே அம்புகள் சிதறும்.

நான் சொல்வது நுனிகள் முன்பக்கம் வளைந்திருக்கும் ரீகர்வ் வில்லுக்கு. அதுவும் ஒரு விரல் அம்புக்கு மேலே, இரண்டு விரல் கீழே வைத்து இழுப்பவர்களுக்கு. சைட் இல்லாமல் எய்து, மூன்று விரலையும் கீழே வைக்கும் பேர்போ ஆட்களுக்கு நாக் பாயின்ட் இன்னும் மேலே போகும்.

முதலில் பிரேஸ் ஹைட்டையும் டில்லரையும் முடித்துவிடுங்கள். பிரேஸ் ஹைட் என்பது பிடியின் பள்ளத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம். 68 அங்குல வில்லுக்கு அது எட்டரை முதல் ஒன்பது அங்குலம் இருக்கலாம். உங்கள் வில்லின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். டில்லர் என்பது வில்லின் வளையும் கைகளான மேல், கீழ் லிம்புகளிலிருந்து நாணுக்கு உள்ள தூர வித்தியாசம். அது மேல் லிம்பில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் தொடங்கப் போதும். இந்த இரண்டில் எதைப் பிறகு மாற்றினாலும் நாக் பாயின்ட் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த வரிசை.

அப்புறம் டி வடிவ அளவுகோலான டி-ஸ்கொயரை நாணில் மாட்டி, அதன் கையை அம்பு உட்காரும் ரெஸ்ட் மேல் உட்கார வையுங்கள். பூஜ்யக் கோட்டிலிருந்து 12, 13 மில்லிமீட்டர் மேலே, அதாவது சுமார் அரை அங்குலத்தில், பேனாவால் நாணில் ஒரு கோடு போடுங்கள். அம்பின் வாலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கட்டு போடப்போகிறோம். மேல் கட்டின் அடிவிளிம்பு வர வேண்டிய இடம் அது. நேர்கோட்டில் வைக்காமல் ஏன் ஏற்றி வைக்கிறோம் என்று கேட்பார்கள். வில்லைப் பிடிக்கும் கை அம்புக்குக் கீழே இருக்கிறது, நாணை இழுக்கும் விரல்களிலும் இரண்டு கீழே இருக்கின்றன. நாண் திரும்பி வரும் பாதை அதனால் சரியான நேர்கோடாக இருப்பதில்லை. வால் கொஞ்சம் உயரத்திலிருந்து கிளம்பினால்தான் ரெஸ்ட்டில் இடிக்காமல் வெளியே போகும்.

பித்தளை வளையம் வைத்து இடுக்கியால் நசுக்குவது சீக்கிரம் முடிகிற வேலை. எனக்கு அது பிடிக்காது. விரலில் மாட்டும் டேபின் தோலை அறுக்கும், நாணில் எடையும் ஏறும். டென்டல் ஃப்ளாஸோ, நாணின் மேல் சுற்றும் சர்விங் நூலோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு முழம் போதும். நாணுக்குப் பின்னால் நூலை வைத்து, முன்பக்கம் ஒரு அரைமுடிச்சு போட்டு இறுக்குங்கள். இரண்டு முனையையும் பின்பக்கம் கொண்டுபோய் அங்கே ஒரு அரைமுடிச்சு. மறுபடி முன்பக்கம். இப்படி மாற்றி மாற்றி, முடிச்சுகள் ஒன்றின் மேல் ஒன்று நெருக்கமாக உட்கார, 4 மில்லிமீட்டர் உயரம் வரும் வரை கட்டுங்கள். கடைசியில் முழுமுடிச்சு. மீதி நூலைக் கத்தரியுங்கள். லைட்டரை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். இப்போதைய நாண்களில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் வகை இழை. சுமார் 150 டிகிரியிலேயே உருகிவிடும்.

நூல் கட்டின் பெரிய வசதி என்னவென்றால் அதைத் திருகி நகர்த்தலாம். நாணின் நடுவில் உள்ள நூல் சுற்று, அதாவது சென்டர் சர்விங், நாணைச் சுற்றிச் சுருளாக ஓடுகிறது அல்லவா? கட்டை விரல் நகத்தால் பிடித்துத் திருப்பினால், போல்ட்டில் நட் ஏறுகிற மாதிரி அந்தச் சுருளிலேயே ஏறும், இறங்கும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கமாக நகர்த்தப் பித்தளையில் முடியாது.

மேல் கட்டு முடிந்ததும் அம்பை மாட்டி, நாக் எனப்படும் அதன் வால் பிளவுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கீழ்க் கட்டைப் போடுங்கள். முழுதாக இழுக்கும்போது நாண் கூர்மையாக மடியும். இடைவெளி இல்லாவிட்டால் இரண்டு கட்டும் சேர்ந்து அந்த வால் பிளவை நெருக்கி, அம்பை ரெஸ்ட்டிலிருந்து தூக்கிவிடும். குட்டையான வில் என்றால் மடிப்பு அதிகம், இடைவெளியும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இனி சோதனை. உங்கள் அம்புகள் 18 மீட்டரில் ஒரு 20 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுகின்றன என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். அதைவிடச் சிதறினால் முடிவை நம்ப முடியாது. இறகுள்ள அம்பு மூன்று, அதே வகையில் இறகு இல்லாத அம்பு இரண்டு. ஒரே புள்ளியைக் குறிவைத்து எல்லாவற்றையும் எய்யுங்கள். முதலில் 10 மீட்டரிலிருந்து தொடங்குவது நல்லது. மோசமாகச் சாய்ந்து குத்தினால் கார்பன் தண்டு உடையும்.

இறகில்லாத அம்பு மற்றவற்றுக்குக் கீழே விழுந்தால் நாக் பாயின்ட் உயரமாக இருக்கிறது, கீழே இறக்குங்கள். மேலே விழுந்தால் மேலே ஏற்றுங்கள். அம்பு போன பக்கமே கட்டும் போகட்டும், குழப்பம் வராது. ஒரு தடவைக்கு ஒரு சுற்று திருகி, திரும்ப எய்யுங்கள். இடப்பக்கம் வலப்பக்கம் விலகுவதை இப்போது கண்டுகொள்ள வேண்டாம். அது அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தானான ப்ளஞ்சரும் அம்பின் விறைப்பும் சம்பந்தப்பட்ட சமாச்சாரம்.

ஒரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கட்டு ரொம்பக் கீழே இருந்தால் அம்பின் வால் ரெஸ்ட்டில் இடித்து மேலே எகிறும். பார்த்தால் கட்டு உயரமாக இருப்பது போலவே தெரியும். இறக்க இறக்க மோசமாகிக்கொண்டே போனால் இதுதான் காரணம். ரெஸ்ட்டிலும் அம்பின் பின்பகுதியிலும் டால்கம் பவுடர் தூவி ஒரு அம்பு எய்து பாருங்கள். பவுடர் கீறியிருந்தால் இடிக்கிறது. கட்டைத் தாராளமாக ஏற்றிவிட்டு, அங்கிருந்து இறங்கி வாருங்கள். இறகில்லாத அம்பு ஒரு கை அகலம் கீழே நின்றால்கூட நான் அத்தோடு விட்டுவிடுவேன். மேலே நிற்பதைத்தான் விட மாட்டேன்.

எல்லாம் திருப்தியான பிறகு மேல் கட்டில் ஒரே ஒரு சொட்டு ஃபெவிக்விக். புது நாண் என்றால் அதையும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். முதல் சில நாட்கள் நாண் நீளும், பிரேஸ் ஹைட் குறையும், அளவு நகரும். அளவு நிலைத்ததும் நோட்டில் எழுதி, மாற்று நாணிலும் அதே அளவில் கட்டி, போட்டிக்கு முன்பே அதில் ஒரு நாள் எய்து பழக்கிவிடுங்கள்.