விறகுத் தீயைப் பச்சையாகவும் நீலமாகவும் எரிய வைப்பது எப்படி?

தை நோம்பிக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்தால், தோட்டத்துச் சாளை வாசலில் ராத்திரி தீ மூட்டாமல் விடமாட்டார்கள். அந்தத் தீயின் நிறத்தை மாற்றத் தேவையான சாமான் முக்கால்வாசி நம்ம உரக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் வாங்கிவந்து அப்படியே தீயில் கொட்டினால் ஒன்றும் தெரியாது. மஞ்சளைக் குறைத்தால்தான் மற்ற நிறம் கண்ணுக்குப் படும். இந்த வேலையில் பாதி அதுதான்.

விறகுத் தீ மஞ்சளாகத் தெரிய முக்கியக் காரணம், முழுதாக எரியாத கரித்துகள்கள் சூட்டில் தகதகப்பது. கூடவே சோடியம். சாப்பாட்டு உப்பில் இருக்கிற அதே சோடியம்தான். துளி இருந்தாலும் தீயை மஞ்சளாக்கி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். தாமிரத்துக்குப் பச்சை, பொட்டாசியத்துக்கு இளம் ஊதா என்று பல தனிமங்களுக்குத் தீயில் சொந்த நிறம் உண்டு. இப்படிப்பட்ட நிறங்களைப் பிரித்துப் பார்த்தே 1860-ல் ஜெர்மனியில் புன்சனும் கிர்க்காஃபும் சீசியம் என்ற புதுத் தனிமத்தைக் கண்டுபிடித்தார்கள்.

1. என்னென்ன வேண்டும்?

பச்சைக்கு மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கிற தென்னந்தோப்புக்காரர்கள் வீட்டில் எப்படியும் இருக்கும். கால் கிலோ தாராளம். நீலத்துக்கு அதோடு கொஞ்சம் பொட்டாஷ் உரம், அதாவது பொட்டாசியம் குளோரைடு. வெள்ளைப் பொட்டாஷ் கிடைத்தால் நல்லது. சிவப்பு என்றால் அடியில் வண்டல் தங்கும், தெளிய விட்டு இறுத்துக்கொள்ளுங்கள். வெளிர்பச்சை வேண்டுமானால் போரிக் பவுடர். கேரம் போர்டுக்குப் போடுகிற பவுடரில் சிலது போரிக், சிலது வேறு மாவு. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெண்காரம் வேண்டாம், அதில் சோடியம் இருக்கிறது.

பொட்டாசியம் நைட்ரேட், குளோரேட் மாதிரி பட்டாசுச் சரக்குப் பக்கமே போக வேண்டாம். தாமிரக் குழாய்க்குள் ஹோஸ் பைப்பைச் செருகித் தீயில் போடும் வீடியோக்களையும் பார்த்திருப்பீர்கள். நிறம் வரும், உண்மைதான். ஆனால் பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் வரும். அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

2. எதில் ஊறவைப்பது?

முதலில் தேங்காய் மட்டைதான் ஞாபகம் வரும், சும்மா கிடக்கிறதே என்று. அது சரிப்படாது. தேங்காய் மஞ்சியில் இயற்கையாகவே சோடியமும் பொட்டாசியமும் அதிகம். ஏற்றுமதிக்குப் போகும் பித்துக்கட்டியை, அதாவது அழுத்திய தேங்காய் நார்த்தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதே இந்த உப்பை இறக்கத்தான். நல்லது, மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கை. உடுமலை, பல்லடம் பக்கம் களத்து ஓரத்தில் குவிந்து கிடக்கும். உள்ளே சோறு பஞ்சு மாதிரி இருப்பதால் கரைசலை நன்றாக இழுக்கும்.

3. கரைசல்

போர்த் தண்ணீர் வேண்டாம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரில் சோடியம் ஏற்கெனவே இருக்கும். சிறுவாணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் துத்தம். நீலம் வேண்டுமானால் கூடவே 50 கிராம் பொட்டாஷ். இரும்பு வாளியோ அலுமினியக் குண்டாவோ ஆகாது: துத்தக் கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு எடுங்கள், மேலே செம்பு செந்நிறமாகப் படிந்திருக்கும். வாளி அரிக்கிறது, நிறம் தரவேண்டிய தாமிரமும் வாளியில் ஒட்டிக்கொள்கிறது.

கைக்கு ரப்பர் உறை கட்டாயம். துத்தம் விஷம், கண்ணில் பட்டால் ரொம்ப எரியும். இந்த வாளியை அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எடுக்கவே கூடாது.

4. ஊறல், காய்ச்சல்

சக்கை மிதக்கும், மேலே கல்லை வையுங்கள். ஒரு ராத்திரி ஊறட்டும். பிறகு சாக்கு மேல் பரப்பி, ஆடு மாடு எட்டாத இடத்தில் சுக்காகக் காயவிடுங்கள். காயக் காய, மணி இருந்த குழிகளின் விளிம்பில் நீலப் பொடி பூத்து வரும். ஈரத்தோடு தீயில் போட்டால் புகைதான் மிச்சம்.

5. தீ

காற்றில்லாத ராத்திரியாகப் பாருங்கள். ஆடிக் காற்றில் இந்த விளையாட்டே கூடாது. டாப்ஸ்லிப், சத்தியமங்கலம் பக்கம் போனாலும் வனத்துக்குள் தீ மூட்டுவது குற்றம். சொந்தத் தோட்டத்தில், வைக்கோல் போரும் சோளத்தட்டும் இல்லாத வெறும் களத்தில் மூட்டுங்கள். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

நன்றாகக் காய்ந்த வேலா விறகைப் போட்டுத் தணலாகும்வரை காத்திருங்கள். பெருந்தீயில் சக்கையைப் போட்டு, “ஒண்ணுமே வரலீங்களே” என்பவர்கள்தான் அதிகம். தணல் கனிந்து சுடர் தாழ்ந்த பிறகு, நீண்ட இடுக்கியால் ஒன்றிரண்டு சக்கையை ஓரத்தில் வையுங்கள். நீலப் பொடி முதலில் வெளுக்கும். துத்தத்துக்குள் இருக்கும் நீர் போகிறது. அப்புறம் சக்கையை ஒட்டிய சுடர் பச்சையாகும், நுனி மட்டும் மஞ்சளாகவே நிற்கும். பொட்டாஷ் சேர்த்தது பச்சை ஓரத்தோடு நீலமாக எரியும், குளோரைடோடு சேரும்போது தாமிரம் நீலத்துக்குத் திரும்பும் என்பதால். தனிப் பொட்டாஷின் ஊதா விறகுத் தீயில் சரியாகத் தெரியாது. போரிக் பவுடரை ஊறவைக்கவே வேண்டாம், காகிதத்தில் ஒரு ஸ்பூன் பொட்டலம் கட்டித் தணலில் வைத்தால் போதும்.

காற்று வரும் பக்கமாக உட்காருங்கள், புகையை இழுக்காதீர்கள். சோளக்கருது, சீனிக்கிழங்கு எல்லாம் சுட்டுச் சாப்பிட்டு முடித்த பிறகே நிறத் தீயை ஆரம்பிக்க வேண்டும். அதன் பிறகு அந்தத் தணலில் எதையும் சுடக் கூடாது.

6. சாம்பல்

தண்ணீர் ஊற்றி முழுதாக அணையுங்கள். இந்தச் சாம்பல் பாத்திரம் விளக்கவும் ஆகாது, கீரைப் பாத்திக்கும் ஆகாது. கிணறு, குட்டையில் கொட்டினால் தாமிரம் மீனைக் கொல்லும். செம்மறிகளுக்கு மற்ற கால்நடையைவிடச் சீக்கிரம் தாமிரம் விஷமாகும். பட்டி இருக்கும் வீடானால் அள்ளிப் பையில் கட்டி, வாய்வைக்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். மீதிக் கரைசலைக் கொட்டாமல், மூடி போட்டுப் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் அடுத்த நோம்பிக்கு ஆகும்.