பீச் காப்ளர், வாழைப்பழ புட்டிங், பட்டர்மில்க் பை: அமெரிக்கத் தென்மாநில இனிப்புகளை வீட்டில் செய்வது

ஜார்ஜியா, டென்னசி, கரோலினா பக்கம் விருந்துக்கென்று செய்யும் பல அடுக்குக் கேக்குகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு நாள் போய்விடும். இங்கே சொல்லப்போவது சாதாரண நாளில் மைதா, சர்க்கரை, வெண்ணெய், பால், முட்டை, கையில் கிடைத்த பழம் ஆகியவற்றை வைத்து முடிக்கிற மூன்று இனிப்புகள். மூன்றிலும் வேலை குறைவு. கெடுவதற்கான இடமும் ஒன்றிரண்டுதான்.

முதலில் அளவு. அமெரிக்கக் கப் என்றால் 240 மில்லி. அதில் மைதா 125 கிராம், சர்க்கரை 200 கிராம் பிடிக்கும். அவர்கள் ஒரு ‘ஸ்டிக்’ வெண்ணெய் என்பது 113 கிராம். வீட்டு டம்ளரை நம்பாமல் தராசு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் வெண்ணெய் உப்புப் போட்டதாக இருந்தால், கீழே வரும் உப்பை விட்டுவிடலாம்.

பீச் காப்ளர்

காப்ளர் என்பது பழத்தோடு மாவு சேர்த்துச் சுடும் இனிப்பு. அதில் பல வகை உண்டு. பழத்தை மாவுத் தகட்டால் மூடிச் சுடுவது ஒன்று. உருகிய வெண்ணெய்மேல் மாவுக் கரைசல், அதன்மேல் பழம் என்று ஊற்றிச் சுடுவது இன்னொன்று. மாவு பிசையவும் தேய்க்கவும் தெரியாதவருக்கு இரண்டாவதே சரி.

தோல் நீக்கி, விரல் தடிமனுக்கு நறுக்கிய பீச் 700 கிராம் வேண்டும். பழத்துக்கு 100 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கரைசலுக்கு மைதா 125 கிராம், சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பால் 240 மில்லி. வெண்ணெய் 113 கிராம்.

பீச்சின் அடியில் கத்தியால் சிலுவைக் கீறல் போட்டு, கொதிநீரில் 30 முதல் 45 விநாடி வைத்து, ஐஸ் தண்ணீரில் போட்டால் தோல் கையோடு வரும். வராவிட்டால் பழம் இன்னும் காய், கத்தியால் சீவுங்கள். பருவத் தொடக்கத்தில் வரும் பீச்சுகளில் சதை கொட்டையோடு ஒட்டியிருக்கும், நறுக்கினால் பிய்ந்துபோகும். கொட்டை தனியாகக் கழலும் ரகங்கள் பின்னால்தான் வரும். 1870களில் ஜார்ஜியாவின் மார்ஷல்வில்லில் சாமுவேல் ரம்ஃப் உருவாக்கிய எல்பர்டா அப்படிப்பட்ட ரகம்தான். நம் ஊரில் இமாச்சலப் பக்கமிருந்து கோடையில் வருகிற பீச் புளிப்பாக இருந்தால் பழத்துக்கான சர்க்கரையை 130 கிராம் ஆக்குங்கள். டின் பீச் என்றால் பாகை நன்றாக வடித்துவிட்டு, பழத்துக்குத் தனியாகச் சர்க்கரை சேர்க்காமல் விடுங்கள்.

பழம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு மூன்றையும் அடுப்பில் வைத்து, சாறு விட்டுக் கொதி வந்ததும் இறக்குங்கள். ஓவனை 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, 23 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள பாத்திரத்தில் வெண்ணெயைப் போட்டு உள்ளே வைத்தால் உருகிவிடும். கருக விடாதீர்கள். மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பைக் கலந்து பாலை ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, அந்தச் சூடான வெண்ணெய்மேல் பரவலாக ஊற்றுங்கள். அதன்மேல் பழத்தைக் கரண்டி கரண்டியாக வையுங்கள். சாற்றில் அரைக் கப்புக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

இனி கலக்கக் கூடாது. இதில் எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வெண்ணெய் தனியாக மிதப்பதைப் பார்த்ததும் கை தானாகக் கரண்டியைத் தேடும். பேக்கிங் பவுடர் வேலை செய்ததும் கரைசல் உப்பி மேலே எழும்பும், பழம் கீழே அமிழும், ஓரத்தில் தேங்கிய வெண்ணெயில் மாவு பொரிந்து மொறுமொறுவென்று ஆகும். கலக்கிவிட்டால் அந்த ஓரமும் கிடைக்காது, எழும்பலும் கிடைக்காது. வெறும் பழக் கேக்தான் மிஞ்சும்.

50 முதல் 60 நிமிடம் ஆகும். பொங்கி வழியலாம் என்பதால் கீழ்த்தட்டில் ஒரு தட்டு வையுங்கள். சிறிய மின் ஓவனான ஓடிஜியில் மேலே சூடாகும் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் 35 நிமிடத்திலேயே மேற்பரப்பு சிவந்துவிடும், நடுவில் மாவு வேகாமல் இருக்கும். அப்போது மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிச் சுடுவதைத் தொடருங்கள். நடுவில் மாவு எழும்பிய இடத்தில் குச்சி விட்டுப் பாருங்கள். பழத்தில் குத்தினால் எப்போதும் ஈரமாகத்தான் வரும். எடுத்த பின் அரை மணி நேரம் ஆறினால்தான் சாறு கெட்டிப்படும். கரைசல் எழும்பவே இல்லையென்றால் பேக்கிங் பவுடர் பழசு. அடுத்த முறை ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சட்டென்று நுரைக்காவிட்டால் புதிது வாங்க வேண்டும்.

வாழைப்பழ புட்டிங்

வாழை அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெரிய அளவில் விளைவதில்லை. நியூ ஆர்லியன்ஸ் போன்ற துறைமுகங்களில் கப்பலில் வந்து இறங்கிய பழம் அது. இன்று டென்னசியின் சென்டர்வில்லில் இந்தப் புட்டிங்குக்கென்றே திருவிழா நடக்கிறது.

கஸ்டர்டுக்கு முட்டை மஞ்சள்கரு 4, சர்க்கரை 130 கிராம், கார்ன்ஃப்ளோர் 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, பால் 500 மில்லி. இவை அனைத்தையும் குளிர்ந்த நிலையிலேயே அடிகனமான பாத்திரத்தில் கட்டியில்லாமல் அடித்து, மிதமான தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். கெட்டியானதும் இறக்கத் தோன்றும். இறக்காதீர்கள். ‘பொளக் பொளக்’ என்று குமிழ் வெடித்த பிறகும் ஒரு நிமிடம் கிண்ட வேண்டும். மஞ்சள்கருவில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சிதைக்கும். கொதி வரும் முன் இறக்கினால் அது செயலிழக்காமல் இருந்து, கெட்டியாக இருந்த கஸ்டர்டை மறுநாள் காலைக்குள் கூழாக்கிவிடும். முட்டை திரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம், இவ்வளவு மாவுச்சத்து இருக்கும்போது எளிதில் திரியாது. இறக்கியபின் 30 கிராம் வெண்ணெயும் ஒரு தேக்கரண்டி வெனிலாவும் சேருங்கள்.

ஓவன் தாங்கும் பாத்திரத்தில் பிஸ்கட், வட்டமாக நறுக்கிய பழம், சூடான கஸ்டர்ட் என்று இரண்டு அடுக்கு. அவர்கள் போடுவது மெத்தென்று ஊறும் வெனிலா பிஸ்கட். க்ரீம் வைத்த அடுக்கு வேஃபர் இதற்கு ஆகாது. மாரி பிஸ்கட் 200 கிராம் போட்டால் நன்றாகவே வரும், ஊற மட்டும் கூடுதல் நேரம் பிடிக்கும். அமெரிக்காவில் கிடைப்பது கேவண்டிஷ் வகை, அதனால் நமக்கு ரோபஸ்டாதான் நெருக்கம். தோல் மஞ்சளாகி ஓரிரு புள்ளி விழுந்த பழம் மூன்று போதும். பூவன் புளிக்கும். ரொம்பக் கனிந்த பழம் கரைந்து கறுக்கும்.

மீந்த 4 வெள்ளைக்கருவை அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறோடு அடித்து, நுரை திரண்டதும் 70 கிராம் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுனி நிமிர்ந்து நிற்கும்வரை அடியுங்கள். கஸ்டர்ட் சூடாக இருக்கும்போதே பாத்திரத்தின் ஓரத்தைத் தொடுமாறு பரப்பி, 165 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஆறிய கஸ்டர்ட்மேல் பரப்பினால் நுரையின் அடிப்பகுதி வேகாமல் தண்ணீர் விடும். அதிகநேரம் சுட்டால் மேலே தேன்துளிபோல் முத்து முத்தாகக் கசியும். ஓவன் இல்லாதவர் அடித்த க்ரீமைப் பரப்பலாம், ஆனால் அதற்குக் கஸ்டர்ட் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். எப்படியானாலும் ஃப்ரிட்ஜில் 4 மணி நேரமாவது வைத்துப் பரிமாறுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் பழம் கறுத்துவிடும்.

பட்டர்மில்க் பை

பை என்பது மாவால் செய்த ஓட்டுக்குள் கலவையை ஊற்றிச் சுடுவது. இதில் சொல்ல அதிகமில்லை. 3 முட்டை, 300 கிராம் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி மைதா, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 113 கிராம், பட்டர்மில்க் 240 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி, துளி ஜாதிக்காய். மாவையும் சர்க்கரையையும் முதலில் கலந்துவிட்டு மற்றதைச் சேர்த்தால் கட்டி விழாது. 23 செ.மீ. பை ஓட்டில் ஊற்றி 175 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம்.

நம் நீர்மோரை ஊற்றினால் பை செட்டாகாது. அங்கே பட்டர்மில்க் என்பது உறையிட்டுப் புளிக்கவைத்த கெட்டியான பால். புளித்த தயிர் 180 மில்லியும் பால் 60 மில்லியும் கலந்தால் அந்தப் பதம் வரும். ஓரம் உறைந்து, நடுவில் உள்ளங்கையளவு மட்டும் லேசாக ஆடும்போதே வெளியே எடுங்கள். ஆறும்போது அதுவும் உறைந்துவிடும். ஆட்டமே இல்லாதவரை காத்திருந்தால் மேலே வெடிப்பு விழும், உள்ளே திரிதிரியாக இருக்கும். வெட்டுவதற்கு முன் குறைந்தது 3 மணி நேரம் ஆற விடுங்கள்.