எக்கோ இன்று, டாக்டர் வெள்ளிக்கிழமை: நடுவில் நாம் செய்யும் தப்புகள்

இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ முடிந்து ரிப்போர்ட் கவர் கைக்கு வந்ததும் அதை டாக்டரிடம் கொடுக்கும் வரை பிரிக்காமல் வைத்திருப்பவர் யாரும் உண்டா? நான் ஆட்டோவிலேயே பிரித்துவிட்டேன். டாக்டரைப் பார்க்க இன்னும் 3 நாள் இருந்தது. உள்ளே ‘இ.எஃப். 60%’ என்று அச்சாகியிருந்தது. மார்க் ஷீட் பார்த்தே வளர்ந்த புத்தி, நூற்றுக்கு அறுபதுதானா, மீதி நாற்பது போய்விட்டதா என்று கணக்குப் போட்டது. அன்று ராத்திரி தூக்கமில்லை.

இ.எஃப். மார்க் அல்ல. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற அளவு அது. நல்ல இதயமும் முழுவதையும் காலி செய்யாது. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு என்பார்கள். போன வருஷம் 62, இப்போது 58 என்றால் அதற்கும் பதற வேண்டாம். பரிசோதிப்பவர் மாறினாலே அந்த அளவுக்கு ஏறி இறங்கும். ‘ட்ரிவியல் எம்.ஆர்.’ என்றால் வால்வு வழியே துளி ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்று பொருள். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கும் இது தெரிவது சகஜம். ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்பது பெயரில்தான் பூதம். இதயத் தசை தளர்ந்து விரிவதில் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். வயதானவர்கள், பிரஷர் உள்ளவர்கள் பலருக்கும் இது இருக்கும். இதையெல்லாம் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். ராத்திரி 2 மணிக்கு கூகுளிடம் கேட்டால் இருப்பதிலேயே மோசமான பதில்தான் முதலில் கண்ணில் படும்.

ஓடும் பட்டையில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும் டிரெட்மில் டெஸ்ட்டில் குழப்பம் வேறு மாதிரி. “பாசிட்டிவ்னு வந்திருக்கு, நல்லதுதானே?” என்று சந்தோஷமாகக் கேட்டவரைப் பார்த்திருக்கிறேன். இங்கே நெகட்டிவ்தான் நல்ல செய்தி. அதற்காக, பாசிட்டிவ் என்றாலே அடைப்பு உறுதி என்று ஆபரேஷனுக்குப் பணம் புரட்டவும் ஓட வேண்டாம். அடைப்பே இல்லாமல் பாசிட்டிவ் காட்டுவது உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு. அடுத்த பரிசோதனை தேவையா என்பதை முடிவு செய்ய அது ஒரு தடயம்.

அந்த டெஸ்ட்டை ஓட்டப் பந்தயமாக நினைப்பதுதான் பெரிய தப்பு. வழக்கமான முறையில் 3 நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, வருவதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு தொட வேண்டும் என்பது பொதுவான இலக்கு; 50 வயதுக்காரருக்கு ஏறக்குறைய 145. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்த நொடியே சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தானே ஏற்றிவிட்டிருக்கிறார்கள்! பக்கத்தில் நிற்கும் இளைஞரிடம் வீறாப்புக் காட்டி என்ன பயன்? அப்புறம், மெட்டோப்ரோலால், அட்டினலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. சிலரை நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள், சிலரைத் தொடரச் சொல்வார்கள். கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் சிலருக்கு ஆபத்து.

நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை உடம்பில் மாட்டி அனுப்பினால் நம்மவர்கள் நாள் முழுக்கக் கட்டிலில் அசையாமல் படுத்துவிடுகிறார்கள். ஒயர் கழன்றுவிடுமோ என்ற பயம். ஆனால் வழக்கமாகப் படி ஏறும்போதோ, சமைக்கும்போதோ, சண்டை போடும்போதோ வருகிற படபடப்பைப் பிடிக்கத்தான் அந்தக் கருவி. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை அன்றாட வேலையைப் பாருங்கள். குளியலை மட்டும் தள்ளிப்போடுங்கள். படபடப்பு வந்த மணியையும் அப்போது செய்துகொண்டிருந்ததையும் கொடுத்த தாளில் குறிக்காவிட்டால் பாதிப் பயன் போச்சு. 24 மணி நேரத்தில் சுமார் ஒரு லட்சம் துடிப்பு பதிவாகும். அதைப் பிரித்துப் பார்க்க நாள் பிடிக்கத்தான் செய்யும். ரிப்போர்ட் தாமதமானால் ஏதோ கோளாறு, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

பழைய ஈசிஜியைப் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் போடுபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது சூட்டில் கறுக்கும் காகிதம். லேமினேஷன் மெஷினில் கொடுத்தால் கரிக்கட்டையாக வெளியே வரும். சும்மா வைத்தாலும் நாளடைவில் மங்கும். ஒரு ஜெராக்ஸ் எடுத்து, போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஈசிஜியில் ஒரு கோணல் தெரிந்தால், அது பழசா புதுசா என்று ஒப்பிட டாக்டருக்கு அதைவிட உதவியான காகிதம் கிடையாது.

இவையெல்லாம் சில்லறைத் தப்புகள். உயிரோடு விளையாடும் தப்பு ஒன்று இருக்கிறது. “முந்தாநாள்தான் ஈசிஜி எடுத்தேன், நார்மல், இது வாயுதான்” என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பது. சாதாரண ஈசிஜி பதிவு செய்வது சுமார் 10 நொடி. அந்த 10 நொடி சரியாக இருந்தது என்பதற்கு மேல் முந்தாநாள் காகிதம் இன்றைக்கு எந்த உத்தரவாதமும் தராது. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கை எடுக்காதீர்கள். மாரடைப்பிலேயே முதல் ஈசிஜி சரியாகத் தெரிவதுண்டு. அதனால்தான் இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு மறுபடி எடுக்கிறார்கள். முதல் முடிவு நார்மல் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

சரி, என் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். டாக்டர் ரிப்போர்ட்டை அரை நிமிஷம் புரட்டிவிட்டு மேஜையில் வைத்தார். “மாடி ஏறினா மூச்சு வாங்குதா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அறுபது மார்க் பயத்தில் 3 நாளாக நான் படியே ஏறவில்லை.