சுரப்பியிலிருந்து மூளைவரை: எலியில் உமிழ்நீர் நரம்புப் பாதையைத் தேடும் முறை

விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதலுக்குப் பிறகே தொடங்குங்கள். சூடோரேபீஸ் வைரஸின் வலுக்குன்றிய பார்த்தா வகை, சினாப்சுகளை (நரம்பணுக்கள் சந்திக்கும் இடங்களை) தாண்டிப் பின்னோக்கி மூளைக்கு ஏறும்.

மயக்கமூட்டிய எலியின் கீழ்த்தாடைச் சுரப்பியில் இந்த வைரஸ் கரைசலின் சில மைக்ரோலிட்டரைப் பல இடங்களில் மெதுவாகச் செலுத்துங்கள். ஊசியை உடனே உருவாதீர்கள். வைரஸ் பக்கத்துத் தசைக்குள் கசிந்தால் முகத் தசைகளையும் நாக்கையும் இயக்கும் உட்கருக்களும் (மூளையிலுள்ள நரம்பணுத் தொகுதிகளும்) சாயமேறும். அந்த எலியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

தன்னியக்க நரம்பு மண்டலத்தின் இரு பிரிவுகளான சிம்பதெடிக், பாராசிம்பதெடிக் இரண்டில், சிம்பதெடிக் நரம்பும் இதே சுரப்பிக்கு வருகிறது. மேல் கழுத்து நரம்புமுடிச்சை முன்பே அகற்றினால்தான் பாராசிம்பதெடிக் பாதை தனித்துத் தெரியும்.

நேரம்தான் எல்லாமே. வைரஸ் முதலில் எட்டுவது மூளைத்தண்டிலுள்ள மேல் உமிழ்நீர் உட்கரு. இன்னும் ஓரிரு நாள் விட்டால் மூளையின் மேல் பகுதிகளான ஹைப்போதலாமஸ், அமிக்டலா. எல்லா எலிகளின் மூளையையும் ஒரே நாளில் எடுத்தால் இந்த வரிசை புரியாது.

மூளையை 4% பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, 40 மைக்ரான் சீவல்களாக்கி, வைரஸுக்கான எதிர்ப்பொருளால் சாயமேற்றுங்கள்.