அட்ரினல் குறைபாடு: காய்ச்சல், வாந்தி வந்தா என்ன பண்ணணும்

சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பி வேலை செய்யாதவங்க ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைய ஒருநாள் கூட நிறுத்தக்கூடாதுங்க, "ஸ்டீராய்டு உடம்புக்கு கெடுதல்"னு சொந்தக்காரங்க யார் சொன்னாலும் சரி, ஏன்னா உடம்பு தானா சுரக்க வேண்டிய கார்டிசோல்ங்கிற ஹார்மோனத்தான் நாம வெளியிலிருந்து குடுக்குறோம். காய்ச்சல் 100.4 தாண்டுனா பொதுவா டோஸ டபுள் பண்ணச் சொல்வாங்க, 102 தாண்டுனா மூணு மடங்கு, உங்க அளவ டாக்டர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கி வெச்சிக்கோங்க. வாந்தியில மாத்திரை நிக்கலையா, அதான் ரொம்ப ஆபத்து, பிரஷர் இறங்கி மயக்கமாயிடும், பெரியவங்களுக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிய உடனே தொடையில போட்டுட்டு 108 கூப்பிடுங்க. பென்னாகரம், அஞ்செட்டி மலைப்பக்கம் இருக்கவங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரி போய்ச்சேரவே நேரமாகும், அதனால டாக்டர்கிட்ட கேட்டு ஊசிய வீட்டுலயே வெச்சிக்கோங்க, வீட்டுல ஒருத்தராவது போடக் கத்துக்கோங்க.